கருவேலங்கம்பில் கட்டிய துணி

கண்மாய்க் கெண்டைக்கு மண்புழு ஆகாது. இது தெரியாமல்தான் பலர் காலையெல்லாம் கரையில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள். கடலைப் புண்ணாக்கை முந்தின நாளே ஊறப்போட வேண்டும். காலையில் தவிடும் ஒரு கை மைதாவும் சேர்த்து, கொழுக்கட்டை மாவு போலக் கெட்டியாகப் பிசைய வேண்டும். கோலிக்குண்டு அளவு உருட்டி, தூண்டில் முள் வெளியே தெரியாமல் பொதிந்து போட்டால் கெண்டை வரும். வந்ததும் விழுங்கிவிடாது. உறிஞ்சிப் பார்க்கும், துப்பும், மறுபடி உறிஞ்சும். தக்கை லேசாக ஆடும். அந்த ஆட்டத்துக்கு ஆசைப்பட்டு இழுத்தால் போச்சு. தக்கை சாய்ந்து ஓடுகிறவரை சும்மா இருக்கத் தெரிய வேண்டும். எனக்குச் சும்மா இருக்கத் தெரியும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கண்ணுகளா. என் தங்கை மாரித்தாய் போன அன்றைக்கு நாங்கள் பிடிக்கப் போனது கெண்டைதான். போலீஸ்காரர்கள் வந்தார்கள். கால் தவறிக் குழிக்குள் போய்விட்டாள் என்று எழுதிக்கொண்டு, என் தோளைத் தட்டித் தேற்றிவிட்டுப் போனார்கள். என்னிடம் எதையும் துருவிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் உட்கார்ந்து கேட்கிறீர்கள், அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம். இதில் கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை.

என் பெயர் செல்லக்கனி. தாயில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். என் முகத்தைப் பார்த்தால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள், நான் வெடி விபத்தில் பிழைத்தவள் என்று. இடது கன்னமும் கழுத்தும் ஒன்றாக ஒட்டிப் போயிருக்கும். இடது கையில் மூன்று விரல் சேர்ந்து ஒரே விரலாகிவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். மருந்து கலக்குகிற அறை வெடித்தது. அவர் அங்கேயே போய்விட்டார். என்னை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அப்போது என் மகள் ஓவியா தவழ்கிற பிள்ளை. ஓவியா என்று பெயர் வைத்தது நான். அதை யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது பிள்ளை நடந்தது, பேசியது, மாரித்தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் கையை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். மூச்சுத் திணறி முகம் நீலமாகிவிட்டது பிள்ளைக்கு. தங்கை அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "இதுதான் அம்மா, அம்மான்னு சொல்லு, அம்மான்னு சொல்லு" என்று என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்து அழுதாள்.

அப்போது நான்தான் சொன்னேன். "அழாத கண்ணு. நான் அம்மா இல்ல. இவதான் அம்மா. நான் பெரியம்மா."

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது.

கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு இரவல் கொடுத்த அரிவாள்மனை மாதிரி, வேலை முடிந்ததும் திரும்பி வந்துவிடும் என்று. பிள்ளை வளர்ந்தது. என் முகத்துக்குப் பயப்படுவதை விட்டது. என் மடியில் படுத்துத் தூங்கவும் செய்தது. ஆனால் தூக்கத்தில் புரண்டால் "அம்மா" என்று தேடிக்கொண்டு மாரித்தாய் பக்கம் போய்விடும். பள்ளிக்கூடம் போகிற வயதில் மாரித்தாயே அதைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். ஓவியாவும் புரிந்துகொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைத் தடவிக்கொடுத்துவிட்டு, "உங்களுக்கு ரொம்ப வலிச்சுச்சா பெரியம்மா?" என்று கேட்டாள்.

மாரித்தாய் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றாள், அவர்கள் போய்விட்டார்கள். கம்பெனி வேனில் போகிற பொம்பளைகள் எல்லாம் அவளைப் பற்றித்தான் பேசுவார்கள். "அக்கா மகளுக்காகத் தன் வாழ்க்கையே வேண்டாம்னுட்டா, அவ மனுசியா, சாமி" என்பார்கள். சாமி வீட்டுக்குள்ளேயே இருந்தால், அதனோடு எந்த நேரமும் குடியிருக்கிறவளுக்கு என்ன பாடு என்று யாரும் யோசிப்பதில்லை. திட்ட முடியாது. சண்டை போட முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவள் கை நெற்றியில் இருக்கும், என் கை வெந்நீர் அடுப்பில் இருக்கும். பரீட்சையில் தேறினால் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும், எனக்குச் சாக்லேட் கொடுக்கும். கல்யாணத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் விழுந்து கும்பிட்டபோது ஓவியா முதலில் அவள் காலில்தான் விழுந்தாள். மாரித்தாய் பதறிப்போய் நகர்ந்துகொண்டு, "ஏ புள்ள, மொதல்ல அக்காட்ட" என்றாள். அந்தப் பதற்றத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு வருகிற ஒவ்வொன்றும் அவள் தள்ளிவிட்டுத்தான் வந்தது.

மாப்பிள்ளை செழியன் நல்ல பையன். சாத்தூரில் வீடு எடுத்தார்கள். "எனக்குச் சமைக்கத் தெரியாது, அம்மா கூட வரட்டும்" என்று ஓவியா சொன்னாள். மாரித்தாய் போனாள். வீட்டில் நான் மட்டும். பகலில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுவேன். மனது நிற்காத நாளில் தூண்டிலை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போய்விடுவேன். வேலைநாளில் அங்கே ஆள் இருக்காது, எல்லாரும் வேனில் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். நாரைகளும் கொக்குகளும் நானும்தான். மீன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

போன கோடையில் கண்மாய் வற்றியபோது ஜேசிபி வைத்து வயலுக்குப் போடக் கரம்பை மண் அள்ளினார்கள். மண் லாரிகள் போன பிறகு, கிழக்குக் கரையோரம், புளியமரத்துக்கு நேரே ஒரு குழி மிச்சம் இருந்தது. இரண்டு ஆள் ஆழம். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் குழி எது, தரை எது என்று தெரியாது, எல்லாம் ஒரே செம்மண் தண்ணீர். அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தண்ணீர் வருவதற்கு முன்பே குழியின் விளிம்பில் நீளமான கருவேலங்கம்பை ஊன்றி, நுனியில் பழைய சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். மாடு குளிப்பாட்டுகிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் அந்தத் துணியைப் பார்த்தால் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்தக் கம்பை ஊன்றியவர் பெயர் ஊர்க்காவலன். குத்தகைக்காரருக்காகக் கண்மாய் மீனுக்குக் காவல் பார்க்கிறவர். வீட்டுக் குழம்புக்குத் தூண்டில் போடுகிற பொம்பளைகளை அவர் கண்டுகொள்ள மாட்டார்.

பெரிய கெண்டைகள் வெயிலுக்கு ஆழத்தைத் தேடும். அதனால் நான் எப்போதும் அந்தக் குழியைப் பார்த்துத்தான் தூண்டில் போடுவேன்.

ஓவியாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவது எங்கள் பழக்கம். உங்களுக்கும் தெரியும். நான் வீட்டுக்கு வெள்ளை அடித்தேன். உத்திரத்தில் இருந்த தொட்டில் கொக்கி துருப்பிடித்திருந்தது, அதை மாற்றினேன். அவளுக்கு வெளிச்சம் பிடிக்கும் என்று கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டேன். எல்லாம் முடிந்த பிறகு போன் பண்ணினேன்.

"எதுக்குப் பெரியம்மா வீணா அலையிறீக?" என்றாள் ஓவியா. "அம்மா இங்கனதான இருக்கு. அம்மா இருக்கிற எடந்தான தாய்வீடு? நான் சாத்தூர்லயே இருந்துக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னை நோகடிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு அவளே சொன்னாள்: "பெரியம்மா, நம்ம ஊரு கண்மாய்க் கெண்டை திங்கணும்போல இருக்கு. நீங்க புடிச்சு வைங்க. அம்மா வந்து வாங்கிட்டு வரும். அம்மா வச்சாத்தான் குழம்பு நல்லாருக்கும்."

"சரி கண்ணு" என்றேன். "வியாழக்கிழமை அம்மாவை அனுப்பு. ரெண்டு பேருமாப் புடிக்கிறோம்."

அம்மா என்று நானும் சொன்னேன். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று நேராக நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலை நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். மாரித்தாய் சாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். தலையில் மல்லிகைப் பூ, கையில் ஒரு தூக்குவாளி, காலில் கொலுசு போலச் சத்தம் போடுகிற புதுச் செருப்பு. அந்த நேரம் ஊர்க்காவலனும் அங்கே நின்றார், வெள்ளை வேட்டி கட்டி. வெம்பக்கோட்டையில் அவர் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அதற்காக அன்றைக்கு ஊரில் இருக்க மாட்டார் என்று எனக்கு முன்னமே தெரியும்.

"என்ன மதினி, அக்காளும் தங்கச்சியும் சேந்து கண்மாயக் காலி பண்ணப் போறீகளாக்கும்?" என்றார்.

"ஒம்ம கண்மாயா? எங்க அப்பன் பாட்டன் குளிச்ச தண்ணிய்யா அது" என்றாள் மாரித்தாய்.

"குளிச்ச தண்ணில மீனு விட்டது குத்தகைக்காரரு. கேட்டா, காவக்காரன் கண்ணு தெரியாதவன்னு சொல்லிருங்க."

"சொல்ல என்ன இருக்கு, ஊருக்கே தெரியுமே" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

பஸ் ஏறப்போனவர் திரும்பி, "ஏத்தா, நீ ஊர்ல இல்லாதப்ப அங்கன குழி தோண்டிருக்கானுக. செவப்புத் துணி கட்டிருக்கேன். அந்தப் பக்கம் கால வச்சிராத" என்றார்.

"சரிண்ணே" என்றாள் மாரித்தாய்.

கண்மாய் அன்றைக்கு அசையாமல் கிடந்தது. காற்று இல்லை. அல்லி இலைகள் மேல் சின்னப் பறவைகள் நடந்தன. புளிய மர நிழலில் உட்கார்ந்தோம். மாரித்தாய் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, குழி எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

"துணி தெரியுதுல்ல" என்றேன்.

எங்களுக்கு வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்கு மேல் சிவப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டாள். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். துணி தெரிந்தது.

அவளுக்குத் தூண்டில் பழக்கம் இல்லை. நான்தான் நைலான் நரம்பு கட்டி, மயிலிறகுத் தண்டில் தக்கை மாட்டி, உருண்டையைப் பொதிந்து, எங்களுக்கு நேர் எதிரே வீசிக் கொடுத்தேன். என்னுடையதையும் பக்கத்தில் போட்டேன். என் தக்கை கல் மாதிரி நின்றது. அவளுடையது போட்ட நிமிடத்திலிருந்து ஆடத் தொடங்கிவிட்டது. சின்ன ரோகுக் கெண்டை ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று.

"ஏக்கா, மீனுக்கு ஒம்மேல என்ன கோவம்?" என்று சிரித்தாள். "நீ மாவு பெசஞ்ச, நீ முள்ளு கட்டின, எனக்கு வருது."

"எப்பவும் அப்படித்தான" என்றேன்.

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கம்பைக் கரையில் படுக்க வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பெரிய கெண்டை கிடக்கிற இடத்தில் கம்பை இப்படிச் சும்மா வைக்கக் கூடாது. நான் எப்போதும் கம்பின் அடியைக் கயிறு போட்டு மர வேரில் கட்டிவிடுவேன், இல்லையென்றால் மீன் கம்பையே இழுத்துக்கொண்டு போய்விடும். என்னுடையதைக் கட்டியிருந்தேன். அவளுடையதைக் கட்டவில்லை. அவளிடம் சொல்லவும் இல்லை.

தூக்குவாளியைத் திறந்து சேவும் காபியும் எடுத்து வைத்தாள். "அக்கா, ஒண்ணு சொல்லட்டா? ஓவியாட்ட நேத்து சண்ட போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"ஒன்ட்ட போன்ல அப்படிப் பேசிருச்சுன்னுதான். தாய்வீடுன்னா அது அக்கா வீடுதான்னு சொல்லிட்டேன். வளைகாப்பு முடிஞ்சதும் இங்கனதான் வருது. நானும் கூட வர்றேன், ஒத்தாசைக்கு. அப்புறம்..." சேவை என் பக்கம் தள்ளி வைத்தாள். "இனிமே ஒன்னய அம்மான்னு கூப்பிடணும்னு சொல்லிருக்கேன். புள்ள பெறக்கறதுக்குள்ள பழகிக்கணும்னு சத்தியம் வாங்கிருக்கேன். அது நெசமாவே அழுதுருச்சுக்கா. சரின்னு சொல்லிருச்சு."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டிப்போன விரல்கள் உள்ள கையைத்தான் பிடித்தாள். அவளுக்கு அதில் கூச்சம் இருந்ததே இல்லை.

நீங்கள் இந்த இடத்தில் நினைப்பீர்கள், கேட்டது கிடைத்துவிட்டதே, இனி என்ன என்று. நானும் அதை யோசித்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் எழுந்து, வா தாயி, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கண்ணுகளா, அவள் சொல்லி என் மகள் என்னை அம்மா என்று கூப்பிட்டால், அது யாருடைய பேச்சைக் கேட்டுக் கூப்பிடுவது? அம்மா பேச்சைக் கேட்டுத்தானே. நான் சாகிறவரை அவள் என்னைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், பக்கத்தில் நிற்கிற இவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கூப்பிடுவாள். இரவல் கொடுத்தவள் நான். எனக்கே அதைப் பிச்சையாகப் போடுகிறாள். அதுவும் எவ்வளவு ஆசையாக. எவ்வளவு நல்ல மனதோடு.

"நல்லது செஞ்ச" என்றேன். "காபி ஆறுது, குடி."

அவள் டம்ளரை வாயில் வைக்கிறபோதுதான் அவளுடைய கம்பு சரசரவென்று நகர்ந்தது. டம்ளரைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். அதற்குள் கம்பு தண்ணீருக்குள் போய்விட்டது. கொஞ்ச தூரத்தில் மிதந்து, நின்று, மறுபடி நகர்ந்தது. பெரிய மீன் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, பெருசுக்கா! ஓவியாவுக்கு ஒரு வாரத்துக்கு வரும்" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

அந்த இடம் எங்கள் சின்ன வயதில் எருமைகள் படுத்துக் கிடக்கிற இடம். முழங்கால் தண்ணீர்தான் இருக்கும். அது அவளுக்கு நினைவிருந்தது. நீச்சல் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீச்சல் பழகுகிற வயதில் நாங்கள் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தோம்.

அவள் இரண்டு எட்டு வைத்ததும் நின்று, வலப்பக்கம் தெரிந்த சிவப்புத் துணியைத் திரும்பிப் பார்த்தாள். அதைவிட்டு இன்னும் இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். கவனமான பெண். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ரோட்டைக் கடக்கும்போதுகூட என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்ப்பாள்.

அடுத்த எட்டில் அவள் இல்லை.

தண்ணீர் பெரிதாகச் சத்தம் போடவில்லை. ஒருமுறை மேலே வந்தாள். "அக்கா" என்றாள். என் கையில் என்னுடைய மூங்கில் கம்பு இருந்தது. வேரில் கட்டிய கயிற்றை எப்போது அவிழ்த்தேன் என்று நினைவில்லை. நல்ல நீளமான கம்பு. அவள் கை அதன் நுனிக்குப் பக்கத்தில்தான் துழாவியது. நரம்பு அவள் விரலில் சுற்றிக்கொண்டால் முள் கிழித்துவிடுமே என்று நினைத்தேன். அதனால் கம்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

பிறகு வட்டம் வட்டமாக அலை வந்து கரையைத் தொட்டது. அதுவும் அடங்கியது. மல்லிகைப் பூ மட்டும் மேலே வந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய கம்பு மிதந்து ஓரத்துக்கு வந்தது. இழுத்துப் பார்த்தேன். மீன் இன்னும் முள்ளில் இருந்தது. கட்லாக் கெண்டை. தலை மட்டுமே இரண்டு கை அகலம். வாய் மூடி மூடித் திறந்தது. அவ்வளவு பாடுபட்டு இழுத்துக் களைத்துப்போன உயிர். முள்ளை மெதுவாக, உதடு கிழியாமல் எடுத்தேன். அதைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீரில் பிடித்து, அதற்கு மூச்சு வருகிறவரை தாங்கிக்கொண்டிருந்தேன். வால் அசைந்ததும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கரைமேல் ஏறி ஊரைப் பார்த்துக் கத்தினேன்.

ஊரே அழுதது. ஓவியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து மாரித்தாயின் உடல்மேல் விழுந்தாள். பிரித்தெடுக்க நான்கு பொம்பளைகள் வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "இனிமே அந்தப் புள்ளைக்கு நீதான் அம்மா."

ஊர்க்காவலன் மறுநாள் கண்மாய்க்குப் போய்ப் பார்த்திருக்கிறார். துணி கட்டிய இடத்தில் இறங்கிக் காலால் துழாவினால் முழங்கால் தண்ணீர். குழி வேறிடத்தில் இருக்கிறது. என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"மதினி, நாந்தான் தப்பா நட்டுட்டேன். குடிச்சிட்டு நட்டேனா, என்ன எழவுன்னு தெரியல. துணியப் பாத்து ஒதுங்கித்தான் அந்தப் புள்ள போயிருக்கு. நான் சொன்னதக் கேட்டுத்தான் போயிருக்கு. நாந்தான் கொன்னுட்டேன் மதினி."

காலில் விழப் போனார். நான் பிடித்து நிறுத்தினேன். "விதி தம்பி. ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அதற்கப்புறம் அவர் காவலுக்குப் போவதில்லை. யாரோடும் பேசுவதில்லை. அவர் வீட்டுக்காரி என்னிடம் வந்து, அவரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டபோது நான் போய் இன்னொரு தடவையும் மன்னித்துவிட்டு வந்தேன்.

நீங்கள் அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். அவர் சரியான இடத்தில்தான் நட்டார். வியாழக்கிழமை விடிந்ததும், பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்கு முன்னால், நான்தான் கண்மாயில் இறங்கி, விளிம்பில் உட்கார்ந்தபடி கையை எட்டிப் போட்டு அந்தக் கம்பைப் பிடுங்கினேன். சேற்றில் நன்றாக ஊன்றியிருந்தார், சுலபத்தில் வரவில்லை. வலப்பக்கம், தோண்டாமல் மிஞ்சிய எருமைத் தரையில் கொண்டுபோய் நட்டேன். துணி நனைந்து சுருண்டிருந்தது. நன்றாகத் தெரியட்டும் என்று பிழிந்து, விரித்துக் கட்டினேன். தூண்டில் நரம்பு அந்தக் கம்பில் அடிக்கடி சிக்கும், அதுதான் காரணம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிடுங்கிக் கரையில் போட்டிருந்தால் அந்தக் காரணம் போதும். வேறிடத்தில் நட்டதற்கு அது போதாது. இத்தனை நேரம் பொறுமையாகக் கேட்டவர்களிடம் அதை மறைத்தால் நன்றாக இருக்காது.

ஓவியா பிரசவத்துக்கு என் வீட்டுக்குத்தான் வந்தாள். ஜன்னலோரக் கட்டிலில்தான் படுத்தாள். நான் வடித்த கஞ்சியைத்தான் குடித்தாள். பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். நான் அவசரப்படுத்தவில்லை. துக்கம் ஆற வேண்டும் அல்லவா.

போன வாரம் வலி வந்தது. காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். செழியன் மருந்து வாங்கப் போயிருந்தான். நான் பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து "அம்மா, அம்மா" என்று அவள் குரல் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளையோட அம்மா யாரு? விடாமக் கூப்பிடுது. உள்ள வாங்க."

நான் எழுந்தேன். என்னைத் தவிர எழுந்திருக்க யாரும் இல்லை.

உள்ளே போய் அவள் கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். "பெரியம்மா, அம்மா எங்க?" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மறுபடி "அம்மா" என்றாள். "வந்துட்டேன் கண்ணு" என்றேன். அவள் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொரு தடவையும் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொன்னேன். பெண் குழந்தை பிறக்கிறவரை அவள் சுவரைப் பார்த்தேதான் கூப்பிட்டாள். வலியில் பிள்ளைகளுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. மற்றபடி, அவள் கூப்பிட்டது என்னைத்தான்.